பி.இ.2சி-யா, கேமலா, எஸ்.இ.5ஏ-யா? கோவை வட்டாரத்தில் விமான மாதிரி செய்ய உட்காருகிறவருக்கு

கிட் பெட்டி வாங்காமல், மரமும் பித்தளையும் காகிதமும் கொண்டு முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றைச் சிறிய அளவில் தானே செய்யத் துணிகிறவர் முதலில் கேட்பது “எந்த விமானம்?” என்றுதான். அடுத்தது “எந்த அளவு?” மேலே துணி போர்த்துவதா, எலும்புக்கூடு தெரியும்படி விடுவதா என்ற கேள்வி பாதி வேலை ஆன பிறகே வருகிறது. என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். போர்த்துவதா வேண்டாமா என்பதை முதலில் தீர்த்துவிட்டால் அளவு தானாக அமையும். அளவு அமைந்த பிறகு, பட்டியலில் உள்ள நான்கு விமானங்களில் சில தாமாகவே கழன்றுகொள்ளும்.

அந்த நான்கும் பிரிட்டிஷ் விமானங்கள்: பி.இ.2சி, சாப்வித் கேமல், எஸ்.இ.5ஏ, பிறகு நம் விமானப்படையின் முதல் விமானமான வெஸ்ட்லாண்ட் வாபிட்டி. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்கும் ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதே இங்கே பேச்சு. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் இருப்பவருக்குத் தபாலில் வந்து சேரும் பொருள் நமக்கு அவ்வளவு எளிதில் வராது. நமக்கு அடுத்த தெருவில் கிடைக்கும் கைவேலை அவருக்குக் கிடைக்காது. ஆகவே அவருக்குச் சரியான தேர்வு நமக்கும் சரியாக இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

போர்த்துவதா, விடுவதா?

அந்தக் காலத்து விமானத்தின் உடல் பெரும்பாலும் நீளமான ஒரு மரச் சட்டம். நான்கு மூலைகளிலும் நான்கு நெடுங்கட்டைகள், அவற்றை இடைவெளி விட்டு இணைக்கும் குறுக்குக் கட்டைகள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, அந்தக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் டர்ன்பக்கிள். இதன்மேல் லினன் துணியைப் போர்த்தி, ‘டோப்’ என்னும் செல்லுலோஸ் பூச்சைப் பூசினால் துணி சுருங்கி இறுகிவிடும். இறக்கையும் இதே கதைதான்: இரண்டு நெடுங்கட்டைகள், வரிசையாக விலாக்கள், உள்ளே கம்பி, மேலே துணி.

முழுவதும் போர்த்திவிட்டால், பார்ப்பவர் கண்ணில் படுவது வண்ணமும் வட்டச் சின்னமும் மட்டுமே. அதற்குப் பிளாஸ்டிக் கிட் போதும். மாதக் கணக்கில் மரம் சீவ வேண்டிய அவசியம் இல்லை. முழுவதும் திறந்து விட்டாலும் சிக்கல்தான். வேலைப்பாடு தெரியும், ஆனால் அது எந்தப் படையின் எந்த விமானம் என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. பார்க்க வருகிறவர் “நல்ல மரவேலை” என்று பாராட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

நான் சிபாரிசு செய்வது பாதிக்குப் பாதி. இடப்பக்க இறக்கைகளும் உடலின் இடப்பக்கமும் போர்த்தி வண்ணம் பூசியவை, வலப்பக்கம் வெறும் சட்டம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மெல்லிய காகிதத்தை ஒட்டி, நீர் தெளித்துச் சுருக்குவது வழக்கமான முறை. சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் இழுபட்டு, உடல் மெதுவாக வாழைக்காய் வளைவுக்குப் போய்விடும். ஆகவே காகிதத்தைத் தனியாக ஒரு மரச் சட்டகத்தில் நனைத்து விறைக்கவைத்து, முழுவதும் சுருங்கிய பிறகு அளவாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு அதன்மேல் தண்ணீர் படக் கூடாது. வார்னிஷ் மட்டும், அதுவும் இரண்டு மெல்லிய பூச்சு. ஐப்பசி மழை நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஈரக் காற்றில் ஒட்டிய காகிதம் தை மாத வறட்சியில் மேலும் இழுக்கும்.

அளவைத் தீர்மானிப்பது அலமாரி அல்ல

பலர் அளவை அலமாரியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். “வீட்டில் இவ்வளவு இடம்தான் இருக்கிறது, ஆகவே 1:32” என்கிறார்கள். பாதி திறந்த மாதிரிக்கு இது சரிப்படாது. அளவைத் தீர்மானிக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியப்போகும் பொருட்களிலேயே மிகச் சிறியது. இங்கே அது டர்ன்பக்கிள். உண்மையான டர்ன்பக்கிளின் நடு உருளை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 1:32 அளவில் அது 0.2 மி.மீ. ஆகிவிடும். அதைச் செய்ய முடியாது. ஒரு சொட்டுப் பசையைக் காய வைத்து ‘இருக்கிறது’ என்று பாவிக்கலாம். 1:8-இல் 0.9 மி.மீ.; செய்யலாம், ஆனால் கேமலின் இறக்கையே 107 சென்டிமீட்டருக்குப் போய்விடும், பி.இ.2சி 141. அதற்குத் தனி அறை வேண்டும். தவிர, 1:8-இல் கண் ஏமாறாது. ஒவ்வொரு ஆணித் தலையும், துணித் தையலின் ஒவ்வொரு முடிச்சும் இருக்கிறதா என்று தேடும்.

இரண்டுக்கும் இடையே 1:16. இந்த அளவில் உருளை 0.45 மி.மீ. அந்தத் தடிமனில் எஃகுக் குழாய் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது: 26-ஆம் நம்பர் ஊசி. அதன் வெளி விட்டம் 0.46 மி.மீ., உள் விட்டம் 0.26 மி.மீ. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 40 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கொஞ்சம் கேளுங்கள். சுருள் முடிந்து மிஞ்சியதைச் சும்மாவே கொடுப்பார்கள். வெறும் செம்பாக அதன் தடிமன் 0.12 மி.மீ. ஒரு மெல்லிய தையல் ஊசியைச் சுற்றி மடித்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் 0.24. ஊசிக்குழாயின் துளைக்குள் அது சிக்கென்று போய் உட்காரும், ஆனால் எனாமலைச் சுரண்டிய பிறகுதான். எனாமலோடு நுழைத்தால் நுழையாது. ஊசியை ஆறு மி.மீ. துண்டாக வெட்ட, கையில் பிடிக்கும் சுழல் கருவியில் மெல்லிய வெட்டுத் தகடு. வெட்டிய முனையில் பிசிர் துளையை அடைத்திருக்கும். இன்னும் மெல்லிய ஊசி ஒன்றால் குத்தித் திறந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையம், நுனியில் ஒரு துளி ஃபெவிக்விக். ஒன்று முடிந்தது. உடலின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தாலும் இதைப் போல டஜன் கணக்கில் வேண்டியிருக்கும். ஆகவேதான் இந்த வேலை தன் கைக்குச் சரிப்படுமா என்பதை விமானத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

வரைபடம் பற்றி ஒரு சொல். கணினியிலிருந்து பெரிய தாளில் அச்சிடும் கடையில் ‘1:16’ என்று சொல்லி வாங்கி வந்ததை அப்படியே நம்ப வேண்டாம். பி.இ.2சி-யின் மேல் இறக்கை நுனிக்கு நுனி 37 அடி, அதாவது 11.28 மீட்டர்; தாளில் 70.5 செ.மீ. இருக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அச்சு இயந்திரம் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அரை சதவீதம் இழுத்தும் அச்சிடுவதுண்டு. அந்த அரை சதவீதம் இறக்கையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல்.

நான்கு விமானங்கள்

வாபிட்டியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மனம் முதலில் போவது அதன்மேல்தான். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் சாலையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் உருவானபோது அதனிடம் இருந்தவை நான்கு வாபிட்டிகள். தில்லியில் ‘பாலம்’ என்னும் இடத்து விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. சூலூர் விமானத் தளத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவருக்கு, அந்தப் படை எங்கே தொடங்கியது என்று செய்து காட்ட ஆசை வருவது இயற்கை. ஆனால் இது 1927-இல் முதலில் பறந்த விமானம். நம் படைக்கு வந்த இரண்டாம் ஏ வகையில் சட்டமே உலோகம். மரம் சீவும் வேலைக்குப் பதில் மெல்லிய பித்தளைக் குழாய்களைப் பற்றவைக்கும் வேலை. இறக்கை 14 மீட்டருக்கு மேல். 1:16-இல் 88 செ.மீ. வரைபடமும் மற்ற மூன்றுக்குக் கிடைப்பதுபோல் தாராளமாகக் கிடைக்காது. தில்லிக்கு ரயில் ஏறி, தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று புகைப்படம் எடுத்து, அதிலிருந்து அளவு கணிக்கும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் இது. முதல் மாதிரியாக வேண்டவே வேண்டாம்.

எஸ்.இ.5ஏ நல்ல பிள்ளை. 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகளைப் பெற்று, அதே மாதம் 22-ஆம் தேதி 19 வயதில் வீழ்ந்த இந்திய விமானி இந்திரலால் ராய், பிரிட்டிஷ் படையின் 40-ஆம் ஸ்குவாட்ரனில் ஓட்டியது இந்த வகை. இறக்கை 8.11 மீட்டர், 1:16-இல் 51 செ.மீ. மேல், கீழ் இறக்கைகளை இணைத்து நிற்பவை ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடித் தூண்களே. ஆகவே கம்பியும் குறைவு. முன்னால் சதுரமான ரேடியேட்டர், பின்னால் தகட்டு மூடிக்குள் எட்டு சிலிண்டர் என்ஜின். மூடியைத் திறந்து காட்டாவிட்டால் என்ஜினே செய்ய வேண்டாம். பக்கவாட்டில் ஓட்டுநர் இருக்கையைத் தாண்டிப் போகும் நீண்ட புகைக்குழாய், மேல் இறக்கைக்கு மேலே சாய்த்து இறக்கக்கூடிய லூயிஸ் துப்பாக்கி என்று கண்ணுக்குச் சுவையான உறுப்புகளும் உண்டு. இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் பழைய விமானத் தொகுப்பில் ஒன்று இன்னும் பறக்கிறது. ஆகவே எல்லாக் கோணத்திலும் படம் கிடைக்கும்.

கேமல் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடிக்கும். இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகளை மூடும் தகட்டுத் திமிலால் அந்தப் பெயர் வந்தது. செய்கிறவருக்கு இதில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. உற்பத்தியை எளிதாக்குவதற்காக மேல் இறக்கையைத் தட்டையாகவே வைத்தார்கள். கீழ் இறக்கை மட்டும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தட்டை இறக்கை என்றால் கண்ணாடிப் பலகையின் மேல் வரைபடத்தை ஒட்டி, அதன்மேலேயே இறக்கையைக் கட்டி முடித்துவிடலாம். சாய்வைக் கணக்கிட்டுத் தாங்கிகள் செய்யும் வேலை பாதியாகக் குறைகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடித் தூண் என்பதும் எஸ்.இ.5ஏ போலவே.

கேமலின் கஷ்டம் மூக்கில் இருக்கிறது. உள்ளே கிளர்ஜே ரோட்டரி என்ஜின். கிராங்க் தண்டு விமானத்தோடு அசையாமல் நிற்க, ஒன்பது சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும் வகை. அதற்கு எண்ணெய் விளக்கெண்ணெய். சேலம், நாமக்கல் பக்கம் மானாவாரியில் போடுகிற ஆமணக்கை அரைத்து எடுக்கும் அதே சரக்கு. எரியாத எண்ணெய் வெளியே தெறித்து விமானத்தின் வயிற்றை நனைக்கும்; அந்தக் கறையை மாதிரியில் மெல்லிய பழுப்புக் கோடுகளாகக் காட்டாவிட்டால் கேமல் கேமலாக இருக்காது. என்ஜினைச் சுற்றி வட்டமான அலுமினிய மூடி. இது ஒரே தகட்டிலிருந்து உருண்டு வர வேண்டும். தகட்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்து, சோப்பு கறுக்கும் வரை பின்பக்கம் சூடு காட்டி, ஆறவிட்டால் அலுமினியம் இளகிவிடும். பிறகு கடைந்த மர அச்சின் மேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் படியவைக்க வேண்டும். அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர்களுக்கு இது பழகிய வேலை. ஆனால் அவ்வளவு சிறிய பொருளைச் செய்யும் நேரத்தில் அவர்கள் பத்துக் குடம் முடித்துவிடுவார்கள், கேட்கவே நமக்குச் சங்கடமாக இருக்கும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு நடப்பது என்ன? மூடி என்ஜினில் முக்கால்வாசியை மறைத்துவிடும். ஒன்பது சிலிண்டர்களைக் கடைந்தவர் வயிறு எரியும்.

பி.இ.2சி-யின் கணக்கு இதற்கு நேர் எதிர். 90 குதிரைத்திறன் கொண்ட ஆர்.ஏ.எஃப். 1ஏ என்ஜினின் எட்டு சிலிண்டர்களும் ‘வி’ வடிவில் மூக்கின் மேல் வெட்டவெளியில் நிற்கின்றன. நடுவே காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் தகட்டுக் கூடு. இரண்டு புகைக்குழாய்கள் நேராக எழும்பி மேல் இறக்கைக்கு மேலே போய் முடிகின்றன. நான்கு இலைப் புரொப்பெல்லர். என்ஜினுக்குச் செலவழித்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட மறைந்துபோவதில்லை.

போர் விமானமாக அது பெயர் வாங்கவில்லை. பொறியாளர் எட்வர்ட் பஸ்க்கின் ஆராய்ச்சியால் தானாகவே நிலையாகப் பறக்கும்படி அமைந்த விமானம் அது. உளவு பார்க்கவும் படம் எடுக்கவும் நல்லது. ஆனால் 1915-இல் ஜெர்மானியரின் ஃபாக்கர் போர் விமானங்கள் துரத்தத் தொடங்கியபோது அந்த நிலைத்தன்மையே எமனாக வந்தது. திரும்பு என்றால் உடனே திரும்பாது. உளவு பார்க்க உடன் பறக்கும் பார்வையாளர் முன் இருக்கையில், இறக்கைத் தூண்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார்; துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தன் விமானத்தின் ஏதோ ஓர் உறுப்பு குறுக்கே நிற்கும். இருந்தும் இந்தக் குடும்பத்தில் சுமார் 3,500 விமானங்கள் செய்தார்கள். 1915 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்து, வடமேற்கு எல்லைப்புறத்து ரிசால்பூரில் நிலைகொண்ட பிரிட்டிஷ் படையின் 31-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது இதில்தான். ‘இந்திய வானில் முதல்வர்’ என்பது இன்றும் அந்த ஸ்குவாட்ரனின் வாசகம். நம் நாட்டு வானத்தோடு இவ்வளவு பழைய உறவு மற்ற மூன்றுக்கும் இல்லை. மாதிரிக்கு ஒரு கதை வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இது போதும்.

இதன் தண்டனை கம்பி. ஒரு பக்கத்துக்கு இரண்டு ஜோடித் தூண்கள். ஆகவே இறக்கைகளுக்கு இடையிலான கம்பிவேலை கேமலைப் போலக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் பி.இ.2சி-யைத் தொடுவதில்லை. ஆனால் இதே இடத்தில்தான் நம் ஊர் கை கொடுக்கிறது.

கம்பியும் சிலிண்டரும்

அந்த விமானங்களில் இறக்கைகளை இழுத்துப் பிடித்த கம்பி ஆரம்பத்தில் முறுக்குக் கம்பி. பிறகு வந்தது ‘ராஃப் வயர்’. உருண்டையாக இல்லாமல், காற்றைக் கிழித்துப் போவதற்காக இரு ஓரமும் கூர்ந்த தட்டைக் கம்பி. அகலம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். 1:16-இல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலானோர் இதற்கு மீன்பிடி நைலான் நரம்பையோ, ரப்பர் இழையையோ கட்டுகிறார்கள். இரண்டும் உருண்டை. நைலான் நாளடைவில் தளரும். 1:32-இல் பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார், 1:16-இல் கண்டுபிடிப்பார்.

கோவை நகரத்தில் ராஜ வீதி, வைசியாள் வீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவரிடம் கம்பியை இழுத்து மெலிதாக்கும் கம்பியச்சும், தகடாக்கும் உருளை இயந்திரமும் இருக்கும். 0.3 மி.மீ. ஜெர்மன் சில்வர் கம்பியை அந்த உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், அரை மி.மீ.க்குச் சற்று மேல் அகலமுள்ள தட்டை நாடாவாக வெளியே வரும். ஓரங்கள் இயல்பாகவே வட்டமாக மெலிந்திருக்கும். ராஃப் வயரின் குறுக்குவெட்டு அதுவேதான். செம்பு வேண்டாம், தொய்ந்துவிடும். வெள்ளி அழகு, ஆனால் கறுக்கும். ஜெர்மன் சில்வர் நேராக நிற்கும், எஃகின் நிறத்துக்கும் பக்கத்தில் வரும். இந்த வகைக் கம்பிக்கு வெளியே டர்ன்பக்கிள் கிடையாது; இரு முனைகளிலும் மறையிட்ட கவைகளில் திருகியிருக்கும். ஆகவே முன்பு சொன்ன ஊசிக்குழாய் வேலை உடலுக்குள் மட்டும். வெளியே நாடாவின் நுனியில் துளையிட்டு ஊசி மாட்டினால் போதும். இரட்டிப்புக் கம்பி என்ற பயம் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

சிலிண்டருக்கு வருவோம். ஆர்.ஏ.எஃப். 1ஏ-யின் சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 140 மி.மீ. வெளியே காற்றில் குளிர்வதற்கான செதில்கள் வளையம் வளையமாக. 1:16-இல் செதிலோடு சேர்த்து எட்டு, ஒன்பது மி.மீ. தடிமனுள்ள உருளை. வெளிநாட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிச் செய்வதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் இல்லாத சந்து எது? பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு போய், 0.3 மி.மீ. அகலத்துக்குத் தீட்டிய வெட்டுக் கருவியால் அரை மி.மீ.க்கு ஒரு பள்ளம் போடச் சொன்னால் பட்டறைக்காரர் முதலில் கேட்பது “இது எந்த மோட்டாருக்குங்க?” என்றுதான். 1914-ஆம் வருடத்து மோட்டாருக்கு என்று சொன்னால் ஆர்வம் பிறந்துவிடும். கூலியைப் பற்றிப் பேசுவதற்குள் அவரே ஒரு மாதிரியைக் கடைந்து கையில் வைப்பார். ஒரே ஒரு நிபந்தனை: எட்டையும் ஒரே அமர்வில், ஒரே கருவியில் கடைய வேண்டும். இடையில் கருவியைத் தீட்டினால் பள்ளத்தின் அகலம் மாறிவிடும்; பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சிலிண்டர்களில் அது உடனே தெரியும்.

மரம்

பால்சா வேண்டாம். மென்மையானது, வேலைக்கு எளிது. ஆனால் வெறும் சட்டமாக நிற்கும்போது அதன் நார் பஞ்சுபோல் தெரியும், கூர்மையான ஓரம் நிற்காது. தேக்குக்கு வலு உண்டு, துளைகள் பெரிது. 1:16-இல் அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் குழி. நமக்குப் பக்கத்திலேயே நல்ல விடை இருக்கிறது: வெப்பாலை. கொங்குப் புன்செய்க் காட்டோரங்களில் தானாக வளரும் மரம். வெள்ளையாக, நெருக்கமான இழையோடு இருக்கும். சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவது இதில்தான். இரண்டு மி.மீ. சதுரக் கட்டையாகச் சீவினாலும் ஓரம் உடையாது, மெல்லிய தேநீர்ச் சாயம் கொடுத்தால் ஸ்ப்ரூஸ் மரத்தின் வெளிர் மஞ்சள் வந்துவிடும். மஞ்சக்கடம்பும் சரியே, ஆனால் நிறம் தூக்கலாக இருக்கும். இறக்கை நுனியின் வளைவுக்கு மூங்கில். பிளந்து, ஆசாரியின் கம்பியச்சிலேயே இழுத்து, ஆவியில் காட்டி வளைத்தால் மரத்தைவிடச் சுத்தமாக நிற்கும்.

விலாக்களைக் கையால் வெட்டுவதா, விளம்பரப் பலகைக் கடைகளில் இருக்கும் லேசரில் கொடுப்பதா என்று கேட்டால், லேசர் என்றே சொல்வேன். அத்தனை விலாக்களையும் ஒரே அச்சாகக் கையால் வெட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. கருகிய ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கரியின் மேல் பசை பிடிக்காது. ரெசின் முப்பரிமாண அச்சு துப்பாக்கிக்கும் சக்கரத்துக்கும் சரி. தூண்களுக்குக் கூடாது, கம்பியின் இழுப்பில் நாளடைவில் வளைந்துவிடும்.

ஜவுளி நாட்டில் துணி வேண்டாம்

நூலும் துணியும் நம் ஊர்த் தொழில். ஆகவே இறக்கைக்கு உண்மையான துணியே போர்த்தலாமே என்ற எண்ணம் இங்கே யாருக்கும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லில் நூற்கும் 120 கவுண்ட் நூல் மிக மெல்லியது. அதன் விட்டம் சுமார் 0.08 மி.மீ. 1:16-இல் அது உண்மை விமானத்தின் மேல் 1.3 மி.மீ. தடிமனுள்ள இழையாகப் படிக்கப்படும். உண்மை லினனில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 90 இழைகள், அதாவது இழைக்கு இழை 0.3 மி.மீ.கூட இல்லை. நம் துணி அதன்மேல் சாக்குப் படுதாவாக நிற்கும். காகிதம்தான் வழி. ஆய்வகங்களில் லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள் நன்றாக வேலை செய்கிறது.

இங்கேயும் பி.இ.2சி-க்கு ஒரு புள்ளி அதிகம். பச்சையும் பழுப்புமான பி.சி.10 பூச்சு 1916-இல்தான் பரவியது. அதற்கு முந்தைய விமானங்கள் பெரும்பாலும் நிறமற்ற டோப் பூசியவை. துணியின் இயல்பான பாலாடை நிறத்தோடு, பின்னால் வெளிச்சம் இருந்தால் விலாக்களின் நிழல் தெரியும்படி பறந்தன. காகிதம் போர்த்தி, வார்னிஷ் மட்டும் பூசினால் அந்த ஊடுருவும் வெளிச்சம் சும்மாவே கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் சட்டம் வெளிப்படையாக, மறுபக்கம் அதே சட்டம் நிழலாக. கேமலிலும் எஸ்.இ.5ஏ-யிலும் மேற்பரப்பு முழுக்கக் கனத்த வண்ணம். அங்கே இந்த விளையாட்டு நடக்காது. வண்ணம் பூச வேண்டிய வட்டச் சின்னங்களை ஆடிக்காற்று அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பறக்கும் தூசியும், மில் பகுதியாக இருந்தால் பஞ்சுப் பிசிறும் ஈர வண்ணத்தில் ஒட்டினால் எடுக்க முடியாது.

ஆகவே லேத் பட்டறையும் நகைப் பட்டறையும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறவருக்கு என் தேர்வு பி.இ.2சி, 1:16, இடப்பக்கம் போர்த்தியது. கண்ணாடிப் பெட்டிக்கு 80 செ.மீ. நீளம், 60 அகலம், 30 உயரம் ஒதுக்கிவிடுங்கள். பெட்டி இல்லாமல் வைத்தால் ஒரே மாதத்தில் ஒவ்வொரு கம்பியிலும் பஞ்சு தொங்கும். வால்பாறையிலோ தாராபுரத்துக்கு அப்பாலோ இருந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரு மேசையிலேயே முடிக்க வேண்டியவர் எஸ்.இ.5ஏ-யை எடுத்துக்கொண்டு, என்ஜின் மூடியைத் திறக்காமல், உடலை முழுவதும் போர்த்தி, வலப்பக்க இறக்கைகளை மட்டும் திறந்து விடலாம். டர்ன்பக்கிள் வேலையில் பெரும்பகுதி உடலுக்குள்தான் என்பதால், அதில் ஏறக்குறைய எல்லாமே மிச்சம். கேமலுக்கு ஆசைப்படுகிறவர் முதலில் அந்த அலுமினிய மூடியைச் செய்து பார்க்கட்டும். அது வந்துவிட்டால் மற்றது வரும். வராவிட்டால் இறக்கைக்காக வாங்கிய மரம் எஸ்.இ.5ஏ-க்கும் ஆகும்.